15 டாலருக்கு ஒரு பள்ளிக்கூடம்: 1958-ஆம் வருஷத்து இயர்புக் ஒன்று

முதலில் வாடையைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தைத் திறந்தவுடன் பேஸ்மெண்டில் வருஷக்கணக்காகக் கிடந்த அட்டைப்பெட்டியின் பூஞ்சை வாடை மூக்கில் ஏறும். இரண்டு நாள் வெயிலில் காய வைத்தேன். அப்புறம் ஒரு டப்பாவில் சமையல் சோடாவோடு போட்டு ஒரு வாரம் மூடி வைத்தேன். பாதி போனது, பாதி இன்னும் இருக்கிறது. ஆஸ்துமாக்காரர்கள் வீட்டில் இருந்தால் யோசித்து வாங்குங்கள்.

பொருள் இதுதான்: அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சோளக்காட்டுக்கு நடுவே இருந்த ஒரு சிற்றூர் ஹைஸ்கூலின் 1957-58 கல்வியாண்டு இயர்புக், அதாவது மாணவர், ஆசிரியர் படங்களோடு பள்ளி வருஷாவருஷம் போடும் ஆண்டு மலர். 96 பக்கம், முழுக்கக் கறுப்பு வெள்ளை, தோல் மாதிரி தெரியும் மெரூன் அட்டை, அதில் பொன் எழுத்து முக்கால்வாசி உதிர்ந்திருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்து ஆன்டிக் மால் என்ற பழம்பொருள் கடை ஒன்றில், உடைந்த பால் பாட்டில்களுக்கும் டிராக்டர் சீட்டுக்கும் நடுவில் கிடந்தது. விலை 15 டாலர், வரி தனி. பள்ளியின் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொல்லப்போவதில்லை. இதில் சிரித்துக்கொண்டிருக்கும் சீனியர் (கடைசி வருஷப்) பிள்ளைகளுக்கு இன்று எண்பத்தைந்து வயது இருக்கும். அவர்களில் ஒருவர் மளிகைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் கூப்பன் எண்ணிக்கொண்டு நிற்கலாம்.

ஏன் வாங்கினேன் என்று கேட்டால், மகளின் படிவத்தால். அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளியிலிருந்து பாடத்தேர்வுப் படிவம் வந்தது. கட்டாயப் பாடம் ஒரு பக்கம், எலெக்டிவ் என்று பட்டியல் இரண்டரைப் பக்கம். மட்பாண்டம், ஜாஸ் பேண்ட், மரவேலை, உணவும் ஊட்டமும், இன்னும் என்னென்னவோ. நான் கும்பகோணத்தில் படித்தவள். எங்களுக்குப் பிளஸ் ஒன்னில் ஒரே ஒரு முறை குரூப் எடுக்கச் சொல்வார்கள், அதோடு சரி. முதல் குரூப்பா, பயாலஜியா, காமர்ஸா என்று மார்க்கும் அப்பாவும் சேர்ந்து முடிவு செய்துவிடுவார்கள். இவள் என்னடா என்றால் மரவேலைக்கு டிக் போட்டு வைத்திருக்கிறாள்.

"பள்ளிக்கூடத்துல எதுக்குடி இழைப்புளி பிடிக்கணும்?" என்றேன்.

"அம்மா, இங்க எப்பவுமே இது இருந்திருக்கும்மா" என்றாள்.

எப்பவுமே என்றால் எப்போதிலிருந்து என்ற கேள்வி மனசில் கிடந்தது. அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் இந்தப் புத்தகம் கண்ணில் பட்டது.

அதனால் இந்த விமர்சனம் பழைய பொருள் சேகரிப்பவர்களுக்கானது இல்லை. அவர்கள் கேட்பது அட்டை நிலைமை, பிற்பாடு பிரபலமான யாராவது உள்ளே இருக்கிறார்களா என்பது. இதில் அப்படி யாரும் இல்லை. ஒரு ஊர் தன் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுத்தது, யாருக்கு எதைக் கற்றுக்கொடுத்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு இது எவ்வளவு பயன்படும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். நிறைய பயன்படும். ஆனால் நேராகச் சொல்லாது, நாமாகத் தோண்ட வேண்டும்.

முதல் குறை அங்கேதான். இயர்புக்கில் பாடத்திட்டம் இருக்காது. ஆசிரியர் படத்துக்குக் கீழே "டைப்பிங், சுருக்கெழுத்து, புக் கீப்பிங்" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். கிளப் படங்கள் எல்லாமே மூன்று வரிசையாக நிற்க வைத்து எடுத்தவை. என்ன செய்தார்கள் என்று தெரியாது, நின்றார்கள் என்று மட்டும் தெரியும். இருபது பக்கம் இப்படிப் பார்த்தால் கண் அயர்ந்துவிடும்.

பொக்கிஷம் 61-ஆம் பக்கத்தில் இருக்கிறது. சீனியர் டைரக்டரி என்று தலைப்பு. கடைசி வருஷ மாணவர்கள் 41 பேர். ஒவ்வொரு பெயருக்கும் கீழே நாலு வருஷத்தில் எந்த எந்தச் செயல்பாட்டில் இருந்தார்கள் என்று சுருக்கக் குறியில் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண். அதாவது எந்த வருஷம் என்று. பொடி எழுத்து. பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு இரண்டு ராத்திரி இந்தப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பழைய இயர்புக் வாங்கும்போது முதலில் இந்தப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சில பள்ளிகள் போடவே மாட்டார்கள். இது இல்லாவிட்டால் கையில் இருப்பது வெறும் ஆல்பம்தான்.

புத்தகத்தின் சொந்தக்காரி யார் என்று முதல் பக்கத்தில் பேனாவால் எழுதியிருக்கிறது. அவள் பெயரை நான் சொல்லவில்லை, சொந்தக்காரி என்றே வைத்துக்கொள்வோம். டைரக்டரியில் அவள் வரி இது: லத்தீன் கிளப் 1, 2. பெண்கள் விளையாட்டுச் சங்கம் 1, 2, 3. எஃப்.எச்.ஏ. (பெண்கள் சங்கம் ஒன்று, பின்னால் சொல்கிறேன்) 1, 2, 3, 4. கோரஸ் 1, 2, 3, 4. அலுவலக உதவி 4. இயர்புக் டைப்பிஸ்ட் 4. சீனியர் நாடகத்தில் வசனம் எடுத்துக்கொடுப்பவர் 4.

ஒருமுறை படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. மறுபடி படித்தேன். லத்தீன் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்டது. கல்லூரிக்குப் போகிறவர்கள் எடுக்கிற மொழி அது. மூன்றாம் வருஷத்திலிருந்து அவள் போனது டைப்பிங் அறைக்கு. நாலாம் வருஷம் பள்ளி முதல்வர் அலுவலகத்தில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு எடுத்தாள், இதே புத்தகத்தைத் தட்டச்சு செய்தாள், மேடையின் ஓரத்தில் நின்று மற்றவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தாள். எலெக்டிவ் என்றால் விருப்பப்பாடம். யார் விருப்பம் என்று அந்த எண்களைப் பார்த்தால் கேட்கத் தோன்றும்.

கொஞ்சம் பின்னணி சொன்னால்தான் இது விளங்கும். அமெரிக்க ஹைஸ்கூலில் கணக்கு வைத்துக்கொள்ளும் அலகு கார்னகி யூனிட் என்பது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஒரு பாடத்தைத் தினம் ஒரு பீரியட் வீதம் ஒரு வருஷம் படித்தால் ஒரு யூனிட். கணக்கில் பார்த்தால் ஜியோமெட்ரியும் ஒரு யூனிட், சமையலும் ஒரு யூனிட். இந்த ஒரு ஏற்பாடுதான் எலெக்டிவ் என்ற கடையைத் திறந்துவைத்தது. அடுத்து 1917-இல் ஸ்மித்-ஹியூஸ் சட்டம். விவசாயம், தொழில், வீட்டு நிர்வாகம் ஆகிய வகுப்புகளின் ஆசிரியர் சம்பளத்துக்கு மத்திய அரசு பணம் தரும் என்றது. 41 பேர் படித்து வெளியேறும் பள்ளியில் விவசாயத்துக்குத் தனி ஆசிரியர், தனிக் கொட்டகை எப்படி வந்தது என்று நான் வியந்ததற்கு விடை அங்கே இருக்கிறது. 1945-இல் சார்லஸ் ப்ராஸர் என்ற தொழிற்கல்விக்காரர் ஒரு மாநாட்டில் ஒரு கணக்குச் சொன்னார்: நூற்றுக்கு 20 பேரைக் கல்லூரிக்குத் தயார் செய்கிறோம், 20 பேரை ஒரு கைத்தொழிலுக்கு, மீதி 60 பேருக்கு நாம் ஒன்றும் தரவில்லை, அவர்களுக்கு வாழ்க்கைக்குப் பொருந்துகிற கல்வி வேண்டும் என்று. அதிலிருந்துதான் குடும்ப வாழ்க்கை, நடத்தை, பட்ஜெட் போடுவது எல்லாம் பாடமானது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் யார் அந்த 60 என்று பதினான்கு வயதிலேயே ஒருவர் முடிவு செய்தாக வேண்டும் இல்லையா.

டைப்பிங் அறைப் படம் 22-ஆம் பக்கத்தில். இந்தப் புத்தகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த படம். ஆறு வரிசை மேசை, ஒவ்வொன்றிலும் கறுப்பு இயந்திரம், முப்பது தலை. எல்லாத் தலையும் வலப்பக்கம் சாய்ந்து புத்தகத்தைப் பார்க்கிறது, ஒருத்தரும் விசையைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் பயன் இல்லை, ஏனென்றால் சுவரில் பெரிய விசைப்பலகைப் படம் தொங்குகிறது, இயந்திரத்து விசைகளில் எழுத்து இல்லை. வெறும் வெள்ளை மூடி.

நான் மொட்டைமாடி டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவள். கீழே சைக்கிள் கடை, மேலே தகரக் கூரை, அதற்குள் பதினைந்து ரெமிங்டனும் கோத்ரெஜும். ஏ எஸ் டி எஃப், செமிகோலன் எல் கே ஜே. லோயர் பாஸ் பண்ண நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. பிளஸ் டூ லீவில் தெருவில் இருந்த அத்தனை பெண்களும் அங்கேதான் இருந்தோம். பையன்களும் வந்தார்கள், பாதிப் பேர் டைப்பிங்குக்காக இல்லை. அந்தப் படத்தைப் பார்த்ததும் காதில் மணிச் சத்தமும் கேரியேஜைத் தள்ளும் சத்தமும் வந்துவிட்டது. ஒரு வித்தியாசம்: நாங்கள் பள்ளிக்கு வெளியே மாசச் சம்பளம் கட்டிப் படித்ததை இவர்களுக்குப் பள்ளிக்கு உள்ளேயே கொடுத்து, மார்க்கும் போட்டு, யூனிட்டும் கொடுத்தார்கள். அது பெரிய விஷயம். குறை சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் சுருக்கெழுத்து. கடைசி வெள்ளைத் தாளில் நண்பர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். "உன்னை மறக்க மாட்டேன், நாலாவது பீரியடையும் மறக்க மாட்டேன்" என்கிற ரகம்தான் பெரும்பாலும். ஆனால் வலது மூலையில் பென்சிலால் மூன்று வரி சுழியும் வளைவுமாக இருக்கிறது. சுருக்கெழுத்து என்று தெரிந்தது, ஒரு குறிகூடப் புரியவில்லை. நான் ஆறு மாசம் பிட்மன் முறைச் சுருக்கெழுத்து படித்திருக்கிறேன். பிட்மனில் மெல்லிய கோடு ஒரு ஒலி, அதையே அழுத்திப் போட்டால் வேறு ஒலி. இதில் எல்லாமே ஒரே கனம், சாதாரணக் கையெழுத்து போல ஓடுகிறது. தேடிப் பார்த்ததில் இது கிரெக் முறை. ஜான் ராபர்ட் கிரெக் 1888-இல் லிவர்பூலில் வெளியிட்டார், ஐந்து வருஷத்தில் அமெரிக்காவுக்கு வந்துவிட்டார். அங்கே பிட்மன் பின்னால் போய், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக கிரெக் பிடித்துக்கொண்டது. நம் ஊரில் கடைசிவரை பிட்மன்தான்.

எதிர் வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார்கள், எண்பத்து நாலு வயது, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் செக்ரட்டரியாக இருந்தவர்கள். வேறு ஊர், வேறு பள்ளி, ஆனால் இந்தியானாதான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்து வினாடி பார்த்தார்கள், சிரித்துவிட்டார்கள். "அவனிடம் சொல்லாதே. சொன்னால் நான் செத்தேன். ஜூன் வரைக்கும் பொறு." அவ்வளவுதான் அந்த மூன்று வரி.

அவன் யார், ஜூனில் என்ன, தெரியாது. வாத்தியார் கற்றுக்கொடுத்தது முதலாளி சொல்வதை எழுத. பிள்ளைகள் அதை எதற்கு எடுத்துக்கொண்டார்கள் பாருங்கள்.

அந்த அம்மாவிடம் ஹோம் எக் என்ற வீட்டு நிர்வாக வகுப்பு பற்றியும் கேட்டேன். முதல் வருஷம் ஏப்ரன் தைக்க வேண்டும், அந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டுதான் இரண்டாம் பருவத்தில் சமையலறைக்குள் விடுவார்கள். முதல் பாடம் வெள்ளை சாஸ்: வெண்ணெய், மைதா, பால். கட்டி தட்டினால் மார்க் போச்சு. "நாலு பேர் ஒரு அடுப்பு. மூன்று பேர் செய்வார்கள், ஒருத்தி பாத்திரம் கழுவுவாள், வாராவாரம் மாறும்" என்றார்கள். புத்தகத்தில் 25-ஆம் பக்கத்துப் படத்தில் எல்லோரும் ஒரே மாதிரி கட்டம் போட்ட ஏப்ரனில் நிற்பதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. வகுப்புக்கு வெளியே இதற்கு ஒரு சங்கம் உண்டு. எஃப்.எச்.ஏ. என்பது வருங்கால இல்லத்தரசிகள் சங்கம், 1945-இல் தொடங்கியது. படத்தில் 58 பேரை எண்ணினேன். பள்ளியில் இருந்த பெண்களில் பாதிக்கு மேல் இருக்கும்.

எதிர்ப் பக்கத்தில் எஃப்.எஃப்.ஏ., வருங்கால விவசாயிகள். 1928-இல் கன்சாஸ் சிட்டியில் தொடங்கிய சங்கம், 1933-இலிருந்து அந்த நீல நிற கார்டுராய் ஜாக்கெட். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் தெரியாது, ஆனால் துணியின் வரி தெரிகிறது. முதுகில் மாநிலத்தின் பெயர், மார்பில் பையனின் பெயர். வகுப்பறையில் படித்தால் மட்டும் போதாது. வீட்டில் சொந்தமாக ஒரு பன்றியோ இரண்டு ஏக்கர் சோளமோ வைத்து, வரவு செலவு எழுதிக் காட்ட வேண்டும். அதற்கேற்ப பட்டம்: முதலில் கிரீன் ஹேண்ட், அப்புறம் கிளை விவசாயி, அதற்கு மேல் மாநில விவசாயி. ஒரு பையன் ஒரு பன்றியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் படம் ஒன்று இருக்கிறது. புத்தகத்தில் போஸ் கொடுக்காத ஒரே உயிர் அந்தப் பன்றிதான். படத்தில் 31 பேர், எல்லோரும் பையன்கள். பெண்களை இந்தச் சங்கம் தேசிய அளவில் சேர்த்துக்கொண்டது 1969-இல். 1958-இல் சோளக்காட்டில் வேலை செய்யாத பெண் அந்த ஊரில் இருந்திருப்பாளா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மரவேலை பற்றி என் மகளிடம் காட்டினேன். ஷாப் என்று சொல்லும் பட்டறை வகுப்பில் பட்டை ரம்பம், கடைசல் இயந்திரம், பக்கத்தில் டை கட்டிய வாத்தியார். டையின் நுனியைச் சட்டைப் பொத்தானுக்குள் செருகியிருக்கிறார். கடைசலில் மாட்டாமல் இருக்க. பையன்கள் செய்த பறவைக்கூடு, விளக்குத் தண்டு, ஒரு பெரிய அலமாரி எல்லாம் மேசையில் வரிசையாக இருக்கிறது. பெண் ஒருத்திகூட இல்லை. "எப்பவுமே இருந்திருக்கும்னு சொன்னியே, உனக்கு இருந்திருக்காது" என்றேன். அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்த அலமாரி டிராயர் கோணலா இருக்கு பாரு" என்றாள்.

கூடைப்பந்து 14 பக்கம். இந்தியானாவில் இருந்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை, வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது மாநிலப் போட்டியில் பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்ற பிரிவு கிடையாது, எல்லோருக்கும் ஒரே கோப்பை. 1954-இல் 161 பேர் படித்த மைலன் என்ற சிற்றூர்ப் பள்ளி, மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32-30 என்று கடைசி நொடியில் ஜெயித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சிற்றூரும் அடுத்தது நாம்தான் என்று நம்பியது. இந்தப் பள்ளியும் நம்பியிருக்கிறது, அந்த 14 பக்கமும் அந்த நம்பிக்கைதான். இரண்டாவது சுற்றிலேயே வெளியேறிவிட்டார்கள் என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது.

மைலனுக்கு அடுத்த இரண்டு வருஷமும் ஜெயித்தது இண்டியானாபொலிசின் கிரிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி. கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டுமென்று கட்டிய பள்ளி அது. பிற்பாடு பெரிய கூடைப்பந்து நட்சத்திரமான ஆஸ்கர் ராபர்ட்சன் ஆடிய அணி. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று மாநிலம் 1949-லேயே சட்டம் போட்டுவிட்டது. ஆனாலும் என் கையில் இருக்கும் புத்தகத்தில் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரு கறுப்பு முகம்கூட இல்லை. இந்தப் புத்தகத்தின் கல்வியாண்டு தொடங்கிய 1957 செப்டம்பரில்தான் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக்கில், அதுவரை வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்குள் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் ராணுவக் காவலோடு போனார்கள். அதே வருஷம் இங்கே லத்தீன் கிளப்பின் ரோமானிய விருந்து. சீனியர்கள் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு சாய்ந்திருக்கிறார்கள், முதல் வருஷப் பிள்ளைகள் "அடிமைகள்" என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு திராட்சைத் தட்டு ஏந்துகிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். இந்தப் பக்கத்தை நான் திருப்பிப் பார்ப்பதில்லை.

பெண்கள் விளையாட்டு? அரைப் பக்கம். கோப்பை கிடையாது, வெளியூர் ஆட்டம் கிடையாது, தங்களுக்குள்ளேயே அணி பிரித்து ஆடியிருக்கிறார்கள். இந்தியானாவில் பெண்களுக்கு மாநிலக் கூடைப்பந்துப் போட்டி வந்தது 1976-இல், பள்ளிகளில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் வந்து நாலு வருஷம் கழித்து. சொந்தக்காரி அந்த அரைப் பக்கப் படத்தில் இரண்டாவது வரிசையில் இருக்கிறாள். பந்து அவள் கையில். மூன்று வருஷம்தான் ஆடினாள். நாலாவது வருஷம் அலுவலக உதவிக்குப் போய்விட்டாள் போல.

பேண்ட், கோரஸ், ஆட்டத்தில் கூச்சலிட்டு உற்சாகப்படுத்தும் பெப் கிளப், ப்ராம் என்ற பெரிய நடன விருந்து எல்லாம் எல்லா இயர்புக்கிலும் இருப்பது போலவே இருக்கின்றன. ஒரே ஒரு படம் மட்டும்: ஜிம்மில் நடனம், எல்லோரும் காலுறையோடு ஆடுகிறார்கள், சுவர் ஓரம் மலை போல ஷூ. கூடைப்பந்துத் தரையின் வார்னிஷ் கீறக்கூடாது என்பதற்காக. கோவிலுக்கு வெளியே செருப்பு விடுவது போல என்று சிரித்தேன். இந்தியானாவில் அது அவ்வளவு தப்பான ஒப்பீடும் இல்லை.

அறிவியல் கிளப்புக்குக் கால் பக்கம். 1957 அக்டோபர் 4-இல் சோவியத் யூனியனின் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் ஏறியது, இந்தப் பிள்ளைகள் அப்போது பள்ளியில்தான் இருந்தார்கள். படத்தில் எட்டுப் பேர், ஒருத்தன் கையில் அட்டை ராக்கெட். அவ்வளவு பெரிய சம்பவத்துக்கு இந்தப் புத்தகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்த அட்டைக் குழாய். அறிவியல், கணக்கு, நவீன அயல்மொழிகளுக்குப் பணம் கொட்டுகிற தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் 1958 செப்டம்பரில்தான் கையெழுத்தானது. இவர்கள் மே மாசமே படிப்பை முடித்துத் தொப்பியை மேலே வீசிவிட்டார்கள். இரண்டு வருஷம் தள்ளிப் பிறந்திருந்தால் சொந்தக்காரியிடம் மூன்றாவது வருஷம் டைப்பிங் அறைக்குப் போகாதே, கணக்கும் அறிவியலும் படி என்று யாராவது சொல்லியிருப்பார்களோ என்னவோ.

பின்பக்க விளம்பரங்களைத் தவற விடாதீர்கள், அச்சுச் செலவில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வந்திருக்கும். தீவன ஆலை, தானியக் கிடங்கு, பேங்க், சோடா விற்கும் மருந்துக்கடை. ஃபோன் நம்பர் மூன்றே இலக்கம். கார் டீலர் ஒருவர் முழுப் பக்கம் கொடுத்திருக்கிறார். 29-ஆம் பக்கத்தில் ஓட்டுநர் வகுப்புக்கு நிற்கும் காரும் அவர் கடைக் கார்தான், கதவில் பெயர் இருக்கிறது. அந்தக் காலத்தில் பள்ளிக்குக் காரை இரவலாகக் கொடுப்பது டீலர்களின் வழக்கம். ஓட்டக் கற்றுக்கொண்ட பிள்ளை அதே வண்டியைத்தானே வாங்கும். எனக்குப் பிடித்தது சவ அடக்க நிலையத்தின் விளம்பரம்: "24 மணி நேர ஆம்புலன்ஸ் வசதி உண்டு." படுத்துக்கொண்டு போக வசதியான வண்டி ஊரில் அவர்களிடம்தான் இருந்தது, அதனால் அப்போது பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியதும் அவர்களே. எப்படி முடிந்தாலும் வாடிக்கையாளர் கைவிட்டுப் போக மாட்டார்.

வாங்க நினைப்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள். கையெழுத்து இல்லாத சுத்தமான பிரதிக்கு விலை கூட, என்னைக் கேட்டால் அது வீண். கிறுக்கல் நிறைந்த பிரதிதான் பேசும். ஸ்கேன் செய்த பழைய இயர்புக்குகள் நூலகத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன, தேடவும் வசதி. ஆனால் அவை பெரும்பாலும் நூலகப் பிரதிகள், அவற்றில் ஜூன் வரைக்கும் பொறு என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். தையலைப் பாருங்கள். என்னுடையதில் 47, 48-ஆம் பக்கங்கள் தனியாக வந்துவிட்டன. ஏற்கெனவே ஒருமுறை ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வேறொரு பள்ளியுடையதை வாங்கி ஏமாந்தேன். "நல்ல நிலை" என்று போட்டிருந்தார். வந்து பார்த்தால் தண்ணீர் பட்டு முப்பது பக்கம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, பிரித்தால் முகங்கள் உரிந்தன. பக்கங்களைப் புரட்டி எடுத்த வீடியோ கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள்.

மதிப்பெண் ஐந்துக்கு நாலு. ஒன்று வாடைக்காகக் குறைத்தேன்.

இன்னொன்று. அந்தப் பள்ளி இப்போது இல்லை. 1959-இல் மாநிலம் சின்னப் பள்ளி வட்டாரங்களை இணைக்கச் சட்டம் கொண்டுவந்தது. ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கானன்ட்டும் அதே வருஷம், ஒரு வகுப்பில் நூறு பேராவது படித்து வெளியேறாத பள்ளியில் நல்ல பாடங்களை நடத்தக் கட்டுப்படியாகாது என்று அறிக்கை கொடுத்தார். 41 பேர் பள்ளி எத்தனை நாள் தாங்கும்? எதிர் வீட்டம்மா படித்ததும் அப்படித்தான் மூடப்பட்டதாம். "ஜிம்மை மட்டும் இடிக்கவில்லை" என்றார்கள்.

படிவத்தில் மரவேலைக்கு நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அதே கடையில் இதே பள்ளியின் 1956 பிரதியும் இருக்கிறது. சொந்தக்காரி அதில் இரண்டாம் வருஷ மாணவி, லத்தீன் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் சீனியர் பக்கத்தில் ஒரு பையனின் முகத்தை யாரோ கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள், அதனால் பின்பக்கத்தில் இருக்கும் ஷாப் வாத்தியாருக்குத் தலை இல்லை. 12 டாலர் என்று ஒட்டியிருக்கிறது. நான் 7 கேட்டேன். கவுண்டரில் இருந்தவர், சரக்குக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று என் நம்பரை எழுதி வைத்துக்கொண்டார்.